ஒரு புகாரும் இல்லை

ஆவடியில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி அது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றும் வேலை ஜாபஸின் தலையில் விழுந்தது.

"ஜனங்க யூஸ் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. ஒரு புகார் வந்தாலும் உன் புரமோஷனை மறந்துடு!" என்றார் மேனேஜர் மனோகரன்.

ஜாபஸ் மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே பட்டனைத் தட்டினான். அப்கிரேடு முடிந்தது. அப்புறம் புகார்கள் வந்து விழும் திரையை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் வரை ஒன்றுகூட வரவில்லை.

மனோகரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கம்பெனி ஆரம்பிச்சதுலேர்ந்து புகாரே வராத நாள் இதுதான்ப்பா! புரமோஷன் உனக்குத்தான்" என்று அவன் வாயில் லட்டைத் திணித்தார்.

லட்டு தொண்டையில் இறங்குவதற்குள் பக்கத்துச் சேக்காட்டிலிருந்து ஒரு கூட்டமே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

"இன்னா சார், காலைலேர்ந்து நெட்டு இல்லாம குந்திகினு கீறோம். கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னா உங்க கம்ப்ளைன்ட் ஆப்பு தொறக்கவே மாட்டேங்குது!"

ஜாபஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். காலையில் அவன் கை வைத்தது அந்தப் புகார் சர்வரில்தான்.

மனோகரன் எல்லோரையும் சமாதானம் பேசி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜாபஸின் காதருகே குனிந்தார்.

"ஏன்ப்பா, இந்த அப்கிரேடை மாசாமாசம் பண்ண முடியுமா?"