மேசைக்கடியில் ஒரு பொத்தான்

2024 செப்டம்பர் 16, மலேசிய தினம், ஜொகூர் பாரு. நகர வரலாற்று அரும்பொருளகமாகிவிட்ட பழைய பங்களாவின் வாசலில் மூன்று சோடிச் சப்பாத்துகள் கிடக்கின்றன. பிள்ளைகளோடு வந்திருக்கும் கெர்ட்ரூடைப் பார்த்துக் காவலர் சிரிக்கிறார். "இது வீடு இல்லம்மா, மியூசியம்லா. சப்பாத்து போட்டுக்கிட்டே போலாம்." அதற்குள் அவள் மகள் ஷர்மைன் வெறுங்காலோடு சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டாள். சன்னல் சட்டங்களின் வழியே வெயில் நீண்ட மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. மேசைக்கடியில், கம்பளத்துக்குக் கீழே, உள்ளங்காலில் ஏதோ உறுத்துகிறது. விலக்கிப் பார்த்தால் பித்தளைப் பொத்தான்.

"ம்மா, இது என்னது?"

கெர்ட்ரூட் குனிந்து பார்க்கிறாள். "வேலைக்காரங்கள கூப்பிடுற மணியா இருக்கும். அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொரை சாப்பிட்டுக்கிட்டே கால்ல அமுக்குவாரு."

"இன்னும் அடிக்குமா?"

பின்னாலேயே வந்த காவலருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்ப ஷர்மைனுக்கு மனமில்லை. "அங்கிள், ஒரே ஒரு தடவ?" அவர் தொடக்கூடாது என்ற பலகையைக் காட்டுகிறார்.

"அதுல கை படம்தானே போட்டிருக்கு? கால் இல்லயே," என்கிறான் தம்பி ஜேடன்.

"அலமாக்!" என்று மலாயில் வியந்த காவலர், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். மணி கேட்கிறதா என்று பார்க்க ஜேடன் பின்கட்டுச் சமையலறைக்கு ஓடுகிறான். ஷர்மைன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றுகிறாள். தலைக்கு மேல் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. இன்னும் அழுத்துகிறாள். சமையலறையில் மணி கரகரவென்று அடிக்கிறது. தொரை கூப்பிட்ட வேலைக்காரன் போல ஜேடன் ஓடி வருகிறான்.