யார் தேடியது?

அன்று கணினி முன்னால் நான், மனைவி கோமளவல்லி, மகன் இளந்திரையன், மருமகள் கயல்விழி, அவள் அப்பா வடமலை ஆகியோர் இருந்தோம். ரயில் டிக்கெட் எடுக்க வடமலை பிரவுசரைத் திறந்தார். ஓரத்தில் விளம்பரம் வந்தது: ‘ஆண்மைக் குறைபாடா? குழந்தை பாக்கியத்துக்கு ரகசிய சிகிச்சை.’

வடமலை சிரித்தார். “யாரும் தேடாம இது வராதே சம்பந்தி. இந்த வீட்டுல யாரு?”

கல்யாணமாகிச் சில ஆண்டுகளாகியும் குழந்தையில்லாத என் மகன் தலை கவிழ்ந்தான். எங்கள் வீட்டில் சாப்பிட்ட யாரும் வீட்டுப் பேச்சை வெளியே சொன்னதில்லை. பிரவுசர் சபையில் சொல்லிவிட்டது.

“நான்தான் தேடினேன். எழுபது வயசுல தேடக்கூடாதுன்னு சட்டமா?” என்றேன்.

கோமளவல்லி தலையில் அடித்துக்கொண்டாள், மறுக்கவில்லை.

எனக்கு இரண்டாம் கல்யாண ஆசை வந்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அப்படி எதுவும் இல்லை.