மொரிசியசுக்குப் போறவைக்கு

"இரவிலை போர்வை வேணுமோ, இல்லாட்டி ஃபான் போடவேணுமோ?"

மடியில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார் செல்வமலர்.

"இப்ப அங்கை குளிர்காலம் அக்கா. இரவிலை ஒரு சுவெற்றர் போட்டாக் காணும்," என்றாள் சுஜீதா.

செல்வமலர் அதை எழுதிக்கொண்டார்.

சுஜீதாவும் கணவன் குலேந்திரனும் மொரிசியஸ் போய்விட்டு, குடியிருக்கும் ரண்டர்ஸ் நகருக்குத் திரும்பி ஒரு கிழமைதான். போன வருசமே எடுத்துவைத்த ரிக்கெற், மாற்ற முடியாமல் போய்விட்டது. கூனிக்குறுகித்தான் போய்வந்தார்கள். ஒரு படம்கூட ஒருவருக்கும் காட்டவில்லை.

ஊரில் சண்டை முடிந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. செல்வமலரின் தாய் இப்போதுதான் முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். தம்பி கோணேசனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று எல்லோரும் கதைக்கிறார்கள். இந்த நேரத்தில் இவருக்கு மொரிசியஸ் கேட்கிறதா?

"பைப் தண்ணி குடிக்கலாமோ?"

"போத்தல் தண்ணிதான் நல்லது."

"சாப்பாடு?"

"தெருவிலை பருப்பு வைச்சு ரொட்டி விக்கிறாங்கள். சுடச்சுட, நல்ல ருசி."

"தமிழ்ச் சனம் இருக்கெல்லே? தமிழ் கதைப்பினமோ?"

"கோயில் இருக்கு, பேரும் தமிழ்ப்பேர்தான். ஆனா கனபேர் கதைக்கிறது கிரியோல்."

"அப்ப தனியப் போற ஆளுக்குக் கஷ்டம்," என்று செல்வமலர் முகம் வாடினார். "சரி, பஸ்?"

"பொழுதுபட்டாக் குறைவு. வேளைக்குத் திரும்பவேணும்."

அதையும் எழுதினார். சுஜீதாவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, கோவியாதேங்கோ. தம்பியைப் பற்றி ஒண்டும் தெரியாமல் இருக்கேக்கை, இப்ப உங்களுக்கு உல்லாசப் பயணம் தேவையோ?"

செல்வமலர் பேனையை வைத்தார்.

"நான் எங்கையடி போறது? தம்பி மே மாதச் சண்டையிலையே செத்துப்போனான். அவனோடை நிண்ட ஒருத்தர் எனக்குச் சொன்னவர். அம்மாவுக்குத் தெரியாது. முதல்முதல் போனிலை வந்தவுடனை ஒரே அழுகை. அவ கேக்க முந்தி நானே சொல்லிப்போட்டன், தம்பி கப்பலிலை தப்பி மொரிசியசிலை நிக்கிறானெண்டு. நீ அப்ப அங்கை நிண்டாய். அந்தப் பேர்தான் வாயிலை வந்தது."

சுஜீதாவுக்கு முகம் சுட்டது.

"இப்ப எடுக்கிற நேரமெல்லாம் கேக்கிறா. என்ன சாப்பிடுறான், எங்கை படுக்கிறான் எண்டு. எனக்கென்ன தெரியும்?"

சொல்லி முடிப்பதற்குள் கைத்தொலைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து அம்மாதான். செல்வமலர் கொப்பியைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தார்.

"ஓம் அம்மா, நேற்றுப் போன் எடுத்தவன். இரவிலை குளிராம். சுவெற்றர் வாங்கிப்போட்டானாம். பருப்பு ரொட்டி நல்ல ருசியாம்..."

அதற்குமேல் முடியாமல் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். சுஜீதா எட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

"அம்மா, நான் சுஜீதா, அக்கான்ரை சினேகிதி. மொரிசியசாலை இப்பதான் வந்தனான். உங்கடை மகனைக் கண்டு கதைச்சனான். நல்ல சுகமா இருக்கிறார்."

மறுமுனையில் அம்மா மெல்லிய குரலில் சொன்னார்:

"நீங்கள் நல்லாயிருக்கோணும் பிள்ளை. அவளுக்காகத்தான் சொல்லுறியள் எண்டு தெரியுது. அவனை என்ரை கையாலைதான் மண் போட்டு மூடினனான். ஆரோ அவளுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டினம். தம்பி இருக்கிறானெண்டு சந்தோசமாக் கதைக்கிறாள், பாவம். அப்பிடியே இருக்கட்டும். அவளிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

சுஜீதா தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா என்னவாம்?" என்று தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார் செல்வமலர். "நம்பிட்டாவோ?"

"ஓம் அக்கா. பொழுதுபட்ட பிறகு தலை முழுகவேண்டாமெண்டு தம்பிக்குச் சொல்லட்டாம்."