வேகமான கணினி வாங்கிய அணில்

ஓர் அணில் மடிக்கணினி வாங்கப் புறப்பட்டது. அது எழுதுவதென்னவோ நாளுக்கு நாலு வரிதான். அதைக் கவிதை என்பது அணிலின் சொந்தக் கருத்து. கிளையில் உட்கார்ந்து எழுத, வாயில் கவ்விக்கொண்டு ஏறும் அளவில் ஒன்று போதும்.

"இதை எடுத்துக்கோ. வேகம் சுமார்தான், ஆனா பொழுதுக்கும் பேட்டரி நிக்கும்" என்றது கூட வந்த காகம்.

"சுமாரா? நாளைக்கே நான் சினிமா எடுத்தா?" என்று மீசை துடிக்கக் கேட்ட அணில், இருப்பதிலேயே வேகமானதை வாங்கியது. அதுவும் சின்னதுதான், அழகும்கூட. பேட்டரி மட்டும் ஒரு கொய்யாப்பழம் தின்று முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

"மரத்துல பிளக் ஏது மாப்ளே? மரத்தடி வீட்டுக் கூடத்துலதான் இருக்கு. பூனையும் அங்கதான் இருக்கு" என்றது காகம்.

"உனக்குப் பொறாமை."

அன்று முதல் அணிலுக்கு அந்தக் கூடத்தில், பிளக் இருந்த சுவரோரமே வாசம். எட்டிப் பார்த்த பூனையிடமும் அது பெருமை பேசியது: "கண்ணிமைக்கிறதுக்குள்ள திறக்குது பாருங்கண்ணே!"

"அருமை தம்பி" என்ற பூனை, வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டது. "சார்ஜ் முழுசா ஏறட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல."