கல்லா நாற்காலி

"எந்திரிக்காதே. இனிமே இது உன் இடம்."

மூத்த மருமகள் இப்படிச் சொன்னதும் இளையவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மாவா? இருவரும் வேலை பார்க்கும் பல்பொருள் கடையில் உட்கார்ந்து பார்க்கிற ஒரே வேலை பில் போடுவதுதான். எட்டு வருடமாக அந்த நாற்காலியை மூத்தவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சாப்பிடப் போகும்போதுகூட அதன் குட்டி மெத்தையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிற ஆள்.

"அக்கா, அப்ப நீங்க நாள் பூரா துண்டு செக்ஷன்ல நிக்கணுமே?"

"நின்னா தேஞ்சா போயிடுவேன்? நாலு மாசப் பிள்ளைத்தாச்சி நீ. போன வருஷம் பட்டது போதாதா? பேசாம உக்காரு."

போன வருடம் இதே நாலாம் மாதத்தில்தான் இளையவளின் முதல் கரு கலைந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அன்றைக்கு அவளை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதவள் மூத்தவள்தான். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர இளையவளுக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "அண்ணியா? நம்ம அண்ணியா?" என்று இரண்டு தடவை கேட்டான் அவள் கணவன். மாமியார் இளையவளின் நெற்றியைத் தொட்டு ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

முதல் நாளே மிஷினில் பில் தாள் தீர்ந்துபோனது. மூத்தவள் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்தியார் மாதிரி நின்றாள்.

"மூடியைத் தூக்கு. தீர்ந்த சுருளை எடு. புதுசு போடும்போது வழவழப்பான பக்கம் மேலே வரணும்."

புதுச் சுருள் கை நழுவி உருண்டு மூத்தவளின் காலடியில் போய் நின்றது. அவள் குனியவில்லை. "நீயே எடு. எல்லாம் நீயே செஞ்சு பழகு" என்றாள்.

வாய் முரட்டு வாய், மனசு தங்கம் என்று நினைத்துக்கொண்டே இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தாள்.

ஒரு மாதம் ஓடியது. நாளைக்கு முந்நூறு பில்லாவது கிழித்துக் கொடுப்பாள். கடைச் சட்டப்படி நடு நடுவே கையில் சானிடைசர் தடவிக்கொள்வாள். கால் வீக்கம் வற்றிவிட்டது. மூத்தவளை நினைத்து தினமும் ஒரு தடவையாவது மனசுக்குள் கும்பிட்டாள்.

ஐந்தாம் மாதச் சோதனையில் டாக்டரம்மா வழக்கம்போல எடையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, "இப்ப என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டாள்.

"பில் போடறேன் டாக்டர். உக்காந்த இடத்து வேலை" என்றாள் இவள் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த வழவழப்பு பில் தாளா? மை இல்லாம சூட்டுலயே எழுத்து விழுமே, அதுவா?"

"ஆமாம்."

"அதுல பூசியிருக்கற கெமிக்கல் தோல் வழியா உள்ளே போகும்மா. நம்ம உடம்புல சுரக்கற ஹார்மோன் மாதிரியே வேஷம் போடும். பிள்ளைக்கு மூளையும் உறுப்பும் வளர்ற நேரத்துல அது ஏன்? சானிடைசர் ஈரத்தோட தொட்டா இன்னும் ஜாஸ்தி ஏறும்."

"குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா டாக்டர்?"

"ஆயிடும்னு சொல்லலை. இப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே தொடாதே. ஒருமுறை இழந்தவ நீ, தெரிஞ்சே எதுக்கு?"

வெளியே வந்தவளுக்கு உள்ளங்கை இரண்டும் யாருடையதோ போல இருந்தது. குழாயடியில் நின்று சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். அப்போதுதான் சட்டென்று மூத்தவளின் முகம் நினைவுக்கு வந்தது.

ஐயோ, அக்கா! எட்டு வருடம்! கல்யாணமாகி எட்டு வருடமாகக் குழந்தை இல்லாதவள், எட்டு வருடமாக அந்தத் தாளையேதான் தொட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, காரணம் தெரியாமல் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

இளையவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைக்கு ஓடினாள். துண்டு செக்ஷனில் மூத்தவள் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த பில் தாளை இனிமே நாம ரெண்டு பேருமே தொடக் கூடாது. அதுல என்னமோ கலந்திருக்காம், வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். எட்டு வருஷமா நீங்க அதையே தொட்டுத் தொட்டு... ஒருவேளை அதனாலதானோ என்னவோ..." சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள்.

மூத்தவள் கையிலிருந்த துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்னக்கா தெரியும்?"

"அந்தத் தாள் விஷயம். அதே டாக்டரம்மா எனக்கும் சொன்னாங்க. சீட்டு மாத்திக்கிட்டோமே, அதுக்கு முந்தின நாள்."

தெரிந்தா செய்தாள்? மடியில் போட்டு அழுதவளா? இருக்காது, வேறு ஏதோ சொல்கிறாள் என்று இளையவளின் மனசு அடித்துக்கொண்டது. கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது.

"பொய் சொல்லாதீங்க அக்கா. பிள்ளைத்தாச்சிக்குச் சொல்றதை, டாக்டர் உங்ககிட்ட ஏன் சொல்லணும்?"

மூத்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எனக்கும் மூணாம் மாசம்டி."