கல்லுக்காலில் ஏறிய நட்சத்திரம்

என் ரெண்டு கண் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்குள் சாயங்கால வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பெங்களூரில் சொந்தமாகப் பீர் காய்ச்சும் சுரேஷ்கண்ணன், தன் புதுப் பாட்டில்களைப் பந்தலின் கல்லுக்கால் ஓரம் வரிசையாக நிறுத்தியிருக்கிறான். செல்போனில் பீருக்கு நட்சத்திரம் போடுகிற ஹேமாவதி ஐந்து போட்டால்தான் அவன் கடை பிழைக்கும். அவள் லேபிளைப் பார்க்கிறாள். "சாதா லாகர் பீருக்கு ரெண்டுதாண்ணே. புளிப்புப் பீருன்னாத்தான் மதிப்பாங்க." அவன் பல்லைக் கடித்துக்கொண்டு 'லாகர்' என்பதை அடித்து 'புளிப்பு' என்று எழுதுகிறான். மூன்று விழுகிறது. "எங்கயும் கிடைக்காத சரக்குன்னா இன்னும் ஏறும்ணே." உடனே ஒரு பாட்டிலைக் கல்லுக்காலில் அடித்து உடைக்கிறான். நுரை குபுகுபுவென்று எழும்ப, அதன்மேல் ஒரு மைனா கால் நனையாமல் உட்கார்கிறது. மூன்றரை. "ஏலே, அப்பனுக்கு ஒண்ணு வைடா!" என்று அவன் அப்பா ராக்கையா கத்துகிறார். "சும்மா இருங்கப்பா, ஏறுதுல்ல!" பாட்டில் உடைய உடைய நட்சத்திரம் ஏறுகிறது, நுரை ஏறுகிறது, மைனாவும் ஏறுகிறது. மிஞ்சிய ஒற்றைப் பாட்டிலை அவன் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, ஹேமாவதி ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்துகிறாள். காய்ச்சியவன் உட்பட, அந்தப் பீரை இதுவரை ஒருவரும் வாயில் வைத்ததில்லை.