இரண்டு விரல் இடைவெளி

தன்னைக் கயிற்றால் கட்டவேண்டும் என்று கணவனிடம் கேட்க மரகதவல்லிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. எத்திராஜன் சிரிக்கவில்லை. சணல் கயிறு வரவழைத்து, வேகவைத்து உலர்த்தி, எண்ணெய் தடவினான். ஜப்பானியக் கட்டுமுறையைக் கற்றுத்தரும் காணொளியை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும், கத்தரிக்கோல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்பன அதில் சொல்லப்பட்ட விதிகள்.

ஆனால் அவனுடையது லாரியில் பாரம் கட்டிப் பழகிய கை. அவள் மணிக்கட்டில் போட்ட மூன்றாம் சுற்றில் தன்னையறியாமல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டது.

“மரத்துப்போச்சா?”

“இல்லங்க.”

“கட்டைவிரல ஆட்டு.”

விரல் அசையவில்லை. அவன் உடனே கயிற்றை வெட்டி, உணர்வு திரும்பும்வரை அவள் கையை நீவினான்.

“வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? நீ என்ன சிமெண்ட் மூட்டையா?”

“சொன்னா விட்டுருவீங்கன்னு பயந்தேன்.”

“சொல்லலன்னாதான் விட்டுருவேன்.”

அவன் காணொளியை மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டான். எஞ்சிய கயிற்றை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் அமர்ந்து, மணிக்கட்டுகளைச் சேர்த்து மெல்லச் சுற்றினான்.

“கொஞ்சம் இறுக்கமா இருக்கற மாதிரி…” என்று அவள் தொடங்கினாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கயிறு தளர்ந்தது.

அவனைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கைகளோ முதுகுக்குப் பின்னால், கட்டுக்குள் இருந்தன.